அத்தை பாடிய பாட்டும் மகன் கேட்ட பாட்டும்

மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் பென்னாகரம் பக்கம் வந்து பார்த்தீர்களானால் எந்த வீட்டுத் திண்ணையிலும் புளியம்பழம் மலை மாதிரிக் குவிந்திருக்கும். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, கல் உப்பு தூவிப் பானையில் அடைக்கிற வரைக்கும் எங்களுக்கு வேறு நினைப்பே இருக்காது. கை பாட்டுக்கு வேலை செய்யும். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும்.

2021 பங்குனியில் அப்படித்தான் நானும் என் மாமியாரும் எதிரெதிரே உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தோம். கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மறுபடியும் மூடிவிட்டார்கள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் பெரியவன் நாள் பூரா காதில் அந்த ஒயரை மாட்டிக்கொண்டு மூலையில் கிடப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காது. "என்னடா கேக்கிறே?" என்றால், "ஒண்ணுமில்லம்மா" என்பான். வயசுப் பையன் "ஒண்ணுமில்லை" என்றால் பெற்றவளுக்கு வயிற்றைக் கலக்காதா, நீங்களே சொல்லுங்கள். என்ன கெட்ட சகவாசமோ, என்ன கண்றாவியோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன்.

பயத்தைத் தீர்த்து வைத்தது ஓர் எலி! ராத்திரி வந்து அந்த ஒயரைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. உடனே போய்ப் புதுசு வாங்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் பையன் செல்போனைத் திண்ணையில் வைத்து எல்லார் காதிலும் விழுகிற மாதிரிப் பாட்டைப் போட்டான். முதலில் ஒரே கொட்டுச் சத்தமாக இருந்தது. "நிறுத்துடா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மாமியார் புளிக் கொட்டையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது யார் சாவுல பாடுன பாட்டுடா?" என்று கேட்டார்.

பையன் ஆச்சரியத்தோடு சிரித்தான். "ஆயா, உனக்கு எப்படித் தெரியும்? இதுல ஒப்பாரிச் சாயல் இருக்குன்னுதான் சொல்றாங்க!"

பாட்டுக்குள் ஒரு பாட்டி

அந்தப் பாட்டின் பெயர் 'என்ஜாய் எஞ்சாமி'. அந்த மார்ச் மாதம்தான் வெளிவந்திருந்தது. தீ என்ற பெண்ணும் அறிவு என்ற பையனும் பாடியது. இசை சந்தோஷ் நாராயணன். எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டேன். "எந்தப் படத்துப் பாட்டும் இல்லம்மா. பாட்டு மட்டும்தான்" என்றான்.

எனக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. நாயகன் இல்லை, நாயகி இல்லை, கதை இல்லை. அப்படியானால் பாட்டு எதற்கு? பையன் பொறுமையாகச் சொன்னான். அறிவு அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி பெயர் வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலிவேலை செய்து, பிறகு இந்தியாவுக்குத் திரும்பி வந்தவர். 1964-ல் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் போட்ட ஒப்பந்தத்தில், தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. பிறந்த மண் அது, போகச் சொன்ன மண் இது என்று லட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு கப்பலேறினார்கள். பேரன் தன் பாட்டி சொன்ன அந்தக் கதைகளையெல்லாம் பாட்டில் கொண்டுவந்துவிட்டான். பாட்டியும் அந்தப் படக்காட்சியில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார்.

மகன் அன்று என்னோடு முக்கால் மணி நேரம் பேசினான். ஒரு வருஷமாக அவன் பேசாத பேச்சு! புளி தட்டிக்கொண்டே பேசினான் என்பது இன்னும் விசேஷம்.

சினிமா அல்லாத பாட்டு நமக்குப் புதுசா?

இந்த மாதிரிப் பாட்டுக்கு 'இண்டி' என்று பெயராம். சினிமாவுக்கென்று செய்யாமல், படக் கம்பெனியின் தயவில்லாமல், பாடுகிறவர்கள் தங்கள் கைக்காசிலோ சிறிய கம்பெனிகளின் துணையோடோ செய்து வெளியிடுவது. சுயாதீன இசை என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். ஒரு கணிப்பொறியும் ஒரு மைக்கும் இருந்தால் படுக்கையறையே ஒலிப்பதிவுக்கூடம்! சன்னலில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தம் வராமல் பாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்களாம்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்கு ஒன்றும் புதுசில்லை, சகோதரிகளே. செவ்வாய், வெள்ளியில் நம் வீடுகளில் ஒலித்த சூலமங்கலம் சகோதரிகளின் கந்தர் சஷ்டி கவசம் எந்தப் படத்தில் வந்தது? ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது ஒலிபெருக்கியில் கேட்ட எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள்? விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்துப் பாடிய கிராமியப் பாட்டுகள்? (அந்த அம்மாளுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.) சினிமாவுக்கு வெளியே பாட்டு எப்போதும் இருந்துகொண்டுதான் இருந்தது. நாம்தான் அதைச் 'சாமி பாட்டு', 'கிராமத்துப் பாட்டு' என்று தனித்தனிப் பரணில் வைத்துவிட்டோம்.

அதற்கப்புறம் பையன் எனக்கு வாத்தியாராகிவிட்டான். மலேசியாவில் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-ல் 'வல்லவன்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது, ஆதியும் ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழா' என்று சேர்ந்து 2012-ல் 'ஹிப் ஹாப் தமிழன்' வெளியிட்டது எல்லாம் அவன் சொல்லித்தான் தெரியும். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று ஒரு குழு. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்தினார்கள். சாவு வீட்டோடு நாம் ஒதுக்கி வைத்த பறையையும் கானாவையும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் இசைவாணி என்ற வடசென்னைப் பெண் பாடுவதைக் கேட்டபோது எனக்குக் கைவேலை ஓடவில்லை. கானா என்றால் ஆம்பிளைகள் பாடுவது என்றிருந்த இடத்தில் தைரியமாக வந்து நின்றவள். 2020-ல் பி.பி.சி. உலகம் முழுக்கத் தேடிச் சொன்ன நூறு பெண்களில் அவளும் ஒருத்தி.

எல்லாமே பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில பாட்டில் பாதி இங்கிலீஷ், மீதி கூச்சல். சிலதில் குடியைப் பற்றியே பேச்சு. "இது வேண்டாண்டா, உன் தங்கச்சி கேக்கிறா" என்று நேரே சொல்லுவேன். முன்பு "நிறுத்து" என்று மட்டும் சொல்வேன். அவன் காதை மூடிக்கொள்வான். கூடவே உட்கார்ந்து கேட்டுவிட்டு இது ஏன் பிடிக்கவில்லை என்று சொன்னபோது, முகம் சுளித்தாலும் கேட்டுக்கொண்டான். இதைத்தான் இளம் தாய்மார்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ராத்திரி எட்டு மணிக் கச்சேரி

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சனிக்கிழமை ராத்திரி சாப்பாடானதும் ஆளுக்கு ஒரு பாட்டு. பையன் தான் புதுசாகக் கண்டுபிடித்த ஒன்றைப் போடுவான். அவன் அப்பா பழைய டி.எம்.எஸ். போடச் சொல்வார். நான் சில நாள் ஜிக்கி, சில நாள் இசைவாணி. சின்னவள் ஆடுவதற்கு ஏற்ற பாட்டாகக் கேட்பாள்.

வீட்டு வேலைக்கும் பாட்டுக்கும் உள்ள பொருத்தமும் அப்போதுதான் தெரிந்தது. ராகிக் களி கிண்டுகிறபோது தாளம் தப்பாத பாட்டு வேண்டும். துடுப்பு ஒரே சீராகப் போகும், கட்டி தட்டாது. துணி மடிக்க மெதுவான பாட்டு. 2024-ல் சாய் அபயங்கர் என்ற இளம் பிள்ளை 'கட்சி சேர', 'ஆச கூட' என்று இரண்டு பாட்டு வெளியிட்டான் அல்லவா? திப்பு, ஹரிணி என்ற பாடகர் தம்பதியின் மகன். 'ஆச கூட'வில் அவன் சகோதரி ஸ்மிருதியும் கூடப் பாடுகிறாள். அந்தப் பாட்டை நான் துணி மடிக்கிற பாட்டு என்றேதான் பெயர் வைத்திருக்கிறேன்!

அத்தையின் முறை வந்தால் மட்டும் போனைத் தொடமாட்டார். "எனக்கு எதுக்குடா பொட்டி? எங்காயா சொல்லிக் குடுத்தது இருக்குது" என்று வெற்றிலையை ஒதுக்கிவிட்டு வாயாலேயே பாடுவார். நடவுப் பாட்டு, கும்மி, நலுங்கு, தாலாட்டு, மாரியம்மன் பாட்டு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். பாரதக் கூத்து நடக்கும்போது விடிய விடிய உட்கார்ந்து கேட்டே திரௌபதை அம்மன் கதை முழுக்க நெஞ்சில் ஏற்றிக்கொண்டவர்.

"ஆயா, இதுதான் அசல் இண்டி!" என்று பையன் குதித்தான். போனில் பதிவு பண்ணவும் ஆரம்பித்தான். அத்தைக்கு ஒரே வெட்கம். "இதெல்லாம் ஒரு பாட்டா? இதைப்போயி புடிக்கிறியே" என்பார். ஆனால் மறு சனிக்கிழமை தலை வாரி, புதுச்சேலை கட்டி உட்கார்ந்திருப்பார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2022-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் 'என்ஜாய் எஞ்சாமி' பாடப்பட்டபோது அறிவு அந்த மேடையில் இல்லை. பாட்டு யாருடையது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று பெரிய வாக்குவாதம் எழுந்தது. எழுதியவர், இசை அமைத்தவர், பாடியவர் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அன்று ராத்திரி அத்தையிடம் கேட்டேன்: "அத்தை, நீங்க பாடுற நடவுப் பாட்டு யாரு கட்டினது?"

"எங்காயா பாடுனா. அவளுக்கு அவங்காயா. யாருக்குத் தெரியும்?" என்றார்.

உலகம் பூரா கேட்ட பாட்டுக்கே பெயருக்குச் சண்டை. நம் வீட்டுப் பாட்டுகளைக் கட்டிய பெண்களுக்குச் சண்டை போடவும் ஆளில்லை, பெயரும் இல்லை. சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடி கருப்பாயி அம்மாளை நினைத்துப் பாருங்கள். வயல்காட்டில் பாடிக்கொண்டிருந்தவர். வானொலியில் பாட வைத்தார்கள்; 1985-ல் 'ஆண்பாவம்' படத்திலும் நடித்தார். 2025-ல் அவர் காலமானபோது பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அவருக்குப் பெயர் கிடைத்தது. அவரோடு வரப்பில் நின்று பாடிய மற்றவர்களுக்கு?

எங்கள் ஊர்ச் சீமைக்குத் தகடூர் என்று பழைய பெயர். அதியமான் ஆண்ட ஊர். அவன் இறந்தபோது ஔவையார் அழுது பாடியது புறநானூற்றில் இருக்கிறது. ஒரு பெண் பாடிய துக்கப் பாட்டுத்தானே அது? யாரோ ஏட்டில் எழுதி வைத்தார்கள். பெயரையும் சேர்த்து எழுதினார்கள். அதனால் இன்றைக்கும் இருக்கிறது.

"அப்புறம் பாத்துக்கலாம் அத்தை"

அத்தையிடம் ஒரு நீளப் பாட்டு உண்டு. கல்யாண வீட்டில் பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் தொடங்கி, அவள் பிள்ளை பெற்றுத் தாய்வீடு வருகிற வரைக்கும் போகுமாம். முழுக்கப் பாட ஒரு மணி நேரம் ஆகும் என்பார். 2024 ஆடியில் ஒருநாள், தானாகவே, "அந்த நீளப் பாட்டைப் புடிச்சுக்கிறியா? எனக்கு இப்ப நெனப்பு வருது" என்றார்.

எனக்கு அன்று இட்லிக்கு ஊறப்போட்ட அரிசி காத்திருந்தது. பையன் கல்லூரி விடுதிக்குப் போயிருந்தான். "அவன் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம் அத்தை" என்று சொல்லிவிட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் காப்பித் தம்ளர் அத்தையின் வலது கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு குழறியது. பித்த மயக்கம், ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் படுக்க வைத்தோம். இரண்டு மணி நேரம் அப்படியே போயிற்று. பக்கத்து வீட்டு நர்ஸம்மா எதேச்சையாக வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, இது பக்கவாதம் அக்கா! ஏன் சும்மா இருக்கீங்க?" என்று கத்திய பிறகுதான் 108-க்குப் போன் பண்ணினோம். தப்பு முழுக்க எங்களுடையது.

உயிர் பிழைத்தார். கால் மெல்ல மெல்லத் தேறியது. வலது கையும் பேச்சும் தேறவில்லை. எல்லாம் புரிகிறது, கண்ணில் தெரிகிறது. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தால் "ஆ... ஆ..." என்ற சத்தம்தான். வாயாடி என்று பெயரெடுத்த மனுஷி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பேச்சு போயிற்று, பாட்டு போகவில்லை

மூன்று வாரம் கழித்துப் பையன் விடுதியிலிருந்து வந்தான். ஆயாவின் கட்டிலோரம் உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு அவர் பாடிப் பதிவான நடவுப் பாட்டையே போட்டான். தன் குரலைத் தானே கேட்ட அத்தை மெதுவாகத் திரும்பினார். இடது கை விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. அடுத்த அடி வந்தபோது, சகோதரிகளே, அவர் வாயிலிருந்து பாட்டு வந்தது. ராகம் மட்டுமல்ல, வார்த்தையோடு! இரண்டு அடி தெளிவாகப் பாடினார். "அத்தை, தண்ணி வேணுமா?" என்று உடனே கேட்டேன். "ஆ..." என்றுதான் பதில் வந்தது.

பேயோ தெய்வமோ என்று நான் குழம்பினேன். பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள்தான் விளக்கினார். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்திலிருந்து நடக்கிறது. உடம்பின் வலது பக்கத்தை ஆள்வதும் அதுதான். அத்தைக்கு அடைப்பு ஏற்பட்டது அந்தப் பக்கம். பாடுவதற்கோ மூளையின் இரண்டு பக்கமும் உதவி செய்கிறது. அதிலும் சின்ன வயசிலிருந்து பாடிப் பாடிப் பழகின பாட்டு, யோசிக்காமலே வரும். அதனால் பேச முடியாத சிலரால் பாட முடிகிறது.

இது இன்று நேற்றுக் கண்டதில்லையாம். 1745-லேயே சுவீடன் நாட்டில், பேச்சிழந்த ஒருவர் தேவாலயப் பாடல்களைப் பாடினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1973-ல் அமெரிக்காவில் சில வைத்தியர்கள் இதையே ஒரு பயிற்சியாக்கினார்கள். நோயாளியின் இடது கையை மெல்லத் தட்டிக்கொண்டே, சின்னச் சின்ன வாக்கியங்களை இழுத்து, ராகம் போட்டுச் சொல்ல வைப்பது. பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பேச்சாக்குவது. 2011-ல் தலையில் குண்டடிபட்ட அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் அம்மையாருக்கும் பாட்டு மூலம் பயிற்சி கொடுத்தார்கள்.

நாங்களும் ஆரம்பித்தோம். "தண்-ணி வே-ணும்" என்று நடவுப் பாட்டு மெட்டில் நான் பாட, அத்தை இடது கையால் தட்டுவார். முதல் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. எரிச்சலில் கையைத் தள்ளிவிடுவார். பிறகு "தண்..." வந்தது. பொங்கலுக்கு முன்னால் "தண்ணி" முழுசாக வந்தது. அன்று நான் சமையல்கட்டில் போய் நின்று அழுதேன்.

இது மாத்திரை போட்டதும் தலைவலி போகிற மாதிரியான காரியமில்லை. எல்லாருக்கும் பலிக்கும் என்றும் சொல்ல முடியாது. பயிற்சி தெரிந்தவர் வழிகாட்ட, தினமும் அரைமணி, முக்கால் மணி உட்கார வேண்டும். இப்போது அத்தைக்குத் தேவையான சின்ன வார்த்தைகள் வருகின்றன. பெரியவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். என்னை மட்டும் "ஏய்" என்கிறார், அதுவே எனக்குத் தேன்! ஆனால் அந்த நீளப் பாட்டு வரவில்லை. எண்ணெய் தேய்க்கிற இடம் வரை வருகிறது. பிறகு கண் எங்கேயோ தேடுகிறது, அப்படியே நின்றுவிடுகிறது. மீதியை அறிந்தவர் ஊரில் வேறு யாருமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

என் அனுபவத்திலிருந்து நான்கு விஷயம் சொல்கிறேன்.

1. பக்கவாதத்துக்கு அடையாளம்: வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ வலுவிழத்தல், பேச்சு குழறுதல். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். ஒன்று தப்பினாலும் உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதுவும் தலையை ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக்கசிவா என்று பார்த்த பிறகுதான். எங்களைப் போலக் கஷாயம் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். எப்போது ஆரம்பித்தது என்ற நேரத்தை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பிள்ளைகள் காதில் ஒயர் மாட்டுகிறார்களா? 12 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் 100 கோடிப் பேருக்கு மேல் சத்தமான பாட்டால் காது கெடும் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் கணக்கு. குழந்தைகளுக்கு 75 டெசிபல். சத்தம் ஏற ஏற நேரம் வெகுவாகக் குறையும். எளிதான வழி: சத்தத்தை அறுபது சதவிகிதத்துக்கு மேல் ஏற்றவிடாதீர்கள், நடுநடுவே காதுக்கு ஓய்வு கொடுங்கள். காதில் இரைச்சல் என்று பிள்ளை சொன்னால் அலட்சியம் வேண்டாம்.

3. வாரத்தில் ஒருநாளாவது ஒயரைக் கழற்றிவிட்டு, அவர்கள் பாட்டை எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆனால் முழுக்கக் கேட்ட பிறகு சொல்லுங்கள்.

4. வீட்டில் பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை ஒரு முழ தூரத்தில், மடித்த துணிமேல் வைத்தால் போதும், நன்றாக வரும். பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் பாடுகிறவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், என்ன வேலையின்போது பாடுவார், தேதி எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஒரு பிரதியைச் சொந்தக்காரர் யாருக்காவது அனுப்பி வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்தால் பாட்டும் போகும். வார்த்தைகளை நோட்டில் எழுதி வைப்பது எல்லாவற்றையும்விட உத்தமம். வெளியே போடுவதானால் அவர் சம்மதம் கேட்டு, அவர் பெயரோடு போடுங்கள்.

எங்களிடம் அத்தையின் பாட்டு மொத்தம் ஏழு இருக்கிறது. அரை நோட்டுகூட நிரம்பவில்லை. அதை அடுப்பங்கரை அலமாரியில், மளிகைக் கணக்கு நோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அத்தையின் பெயர், அவருக்குச் சொல்லிக் கொடுத்த ஆயாவின் பெயர். அதற்கு முந்தியவர் பெயர் தெரியாததால் ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன்.

இந்த வருஷப் புளி வந்துவிட்டது. அத்தை திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஓடு தட்ட முடியாது. நான் தட்டுகிற தட்டுக்கு இடது கையால் தாளம் போடுகிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே "ஏய்" என்று கூப்பிடுகிறார். அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. ஊறட்டும். போனை எடுத்துக்கொண்டு நான் போகிறேன்.